கொடுத்துவிட்ட படமும் கொடுக்காத கோப்பும்: திருகோணமலைக் கலைஞர் எதற்குக் காசு செலவழிப்பது?

திருகோணமலையில் படம் வரைந்தோ, போட்டோ எடுத்தோ, மேடையில் பாடியோ ஆடியோ பிழைப்பவர்கள் கூடினால் இப்போது இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை: "எங்கட வேலையை ஏஐ கம்பனிகள் கேட்காமலே எடுத்துப் பயிற்சிக்குப் போடுறாங்களாம். என்ன செய்யலாம்?" ஏஐ என்றால் செயற்கை நுண்ணறிவு; பயிற்சி என்றால் ஏராளமான படங்களையும் எழுத்தையும் குரலையும் கொடுத்து அந்த இயந்திரத்தைப் பழக்குவது. கேள்வி ஒன்றுதான், ஆனால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். இணையத்தில் எதையும் போடாதே என்கிறார் ஒருவர். "எடுக்கக் கூடாது" என்று அறிவித்தல் வை என்கிறார் இன்னொருவர். படத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத மருந்தைத் தடவிவிடும் மென்பொருள் இருக்கிறதாம். அமெரிக்காவில் பதிவு செய்தால் நட்டஈடு வருமாம். படங்களை வாங்கி விற்கும் ஸ்டொக் தளங்களில் போட்டு உரிமத்தை விற்றுவிடலாமாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமாம். சங்கமாகச் சேர்ந்து கேட்கலாமாம்.

இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் எல்லாவற்றையும் செய்ய இங்கே யாருக்கும் நேரமும் இல்லை, காசும் இல்லை. நான் சட்டத்தரணி அல்ல. அச்சுக்கும் இணையத்துக்கும் வடிவமைப்பு வேலை செய்கிறவன். அந்த வேலையில் ஒப்பந்தத் தாள்கள் அடிக்கடி மேசைக்கு வரும், அதனால் இதையெல்லாம் பார்க்க வேண்டி வந்தது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏற்கெனவே இணையத்துக்குப் போய்விட்டதைத் துரத்துவதில் காசு போடாதீர்கள். இன்னும் உங்கள் கையில் இருப்பதற்குத் தாள் போடுங்கள்.

சட்டம் எங்கள் பக்கமா?

பாதி. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஓர் ஓவியமோ புகைப்படமோ பாட்டோ உருவான கணத்திலேயே அதன் உரிமை உருவாக்கியவருக்கு வந்துவிடும். ஆயுள் முழுவதும், இறந்த பிறகு 70 ஆண்டுகளும் அது நிற்கும். பதிவு செய்யத் தேவையில்லை. வர்த்தகக் குறிக்கு இருப்பதுபோல ஒரு பதிவேடும் இதற்கு இல்லை. ஆகவே "பதிப்புரிமை எடுத்துத் தாறன்" என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். வரைந்த படத்தைத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. அதைவிட, சமாதான நீதவான் முன்னால் போட்ட ஒரு சத்தியக் கடதாசியும், திகதியோடு இருக்கும் மூலக் கோப்பும் நல்ல சாட்சி.

ஒரு நாட்டின் படைப்பை மற்ற நாடுகளும் காக்க ஒப்புக்கொண்ட பேர்ண் உடன்படிக்கையில் இலங்கை 1959 இலிருந்து இருக்கிறது. அதனால் உவர்மலையில் வரைந்த படத்துக்கு லண்டனிலும் நியூயோர்க்கிலும் உரிமை உண்டு. இதுவரை நல்ல செய்தி.

மற்றப் பாதி சிக்கல். உரிமை எல்லா நாட்டிலும் இருந்தாலும், மீறல் எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் கேட்க வேண்டும். கெட்டி இமேஜஸ் என்ற மிகப் பெரிய புகைப்பட நிறுவனம் படம் உருவாக்கும் ஏஐ செய்யும் ஸ்டெபிலிட்டி ஏஐ என்ற கம்பனி மீது பிரித்தானியாவில் வழக்குப் போட்டது. பயிற்சி பிரித்தானியாவில்தான் நடந்தது என்று காட்ட முடியாமல், அந்தக் குற்றச்சாட்டை வழக்கின் நடுவிலேயே கைவிட்டது. 2025 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னொன்றும் சொன்னது: ஸ்டெபிலிட்டியின் ஏஐ மாதிரி (ஆங்கிலத்தில் மொடல், அதாவது பயிற்சியில் பழகி முடித்த மென்பொருள்) தனக்குள் படங்களின் பிரதியைச் சேமித்து வைக்கவில்லை, ஆகவே அந்த ஏஐ மாதிரியையே ஒரு "மீறல் பிரதி" என்று கொள்ள முடியாது. வர்த்தகக் குறி விடயத்தில் மட்டும் கெட்டிக்குக் கொஞ்சம் வெற்றி. அத்தனை சட்டத்தரணிகளை வைத்திருக்கும் கம்பனிக்கே இந்தக் கதி என்றால், கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்துக்குப் பஸ் ஏறுவதற்கு முன் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே மாதம் ஜேர்மனியில் நேர் எதிராக ஒரு தீர்ப்பு வந்தது. மியூனிக் நீதிமன்றம், ஒன்பது ஜேர்மன் பாடல்களின் வரிகளை, சட்ஜிபிடியைச் செய்யும் ஓபன்ஏஐ கம்பனியின் ஏஐ மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருப்பதே பிரதி எடுத்ததற்குச் சமம் என்றது. அங்கே வழக்காடியது தனிப் பாடகர் அல்ல, கெமா என்ற இசை உரிமைச் சங்கம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அமெரிக்காவில் 2025 ஜூனில் கலிபோர்னியாவிலிருந்து வந்த இரண்டு தீர்ப்புகளை நாமும் கவனிக்க வேண்டும். எங்கள் சட்டத்தின் 11 ஆம் பிரிவு, "நியாயமான பயன்பாடு" எது என்று பார்க்கச் சொல்லும் நான்கு அளவுகோல்கள் அமெரிக்கச் சட்டத்தில் உள்ளவற்றைப் போலவே இருக்கின்றன. அந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பனி மீது எழுத்தாளர்கள் போட்ட வழக்கில் நீதிபதி, காசு கொடுத்து வாங்கிய புத்தகங்களால் பயிற்றுவித்தது நியாயமான பயன்பாடு, களவுத் தளங்களிலிருந்து இறக்கிச் சேமித்தது அப்படியல்ல என்றார். முகநூலை நடத்தும் மெட்டா மீதான வழக்கில் நீதிபதி மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தாலும், இந்த இயந்திரங்கள் சந்தையை நிரப்பி எழுத்தாளரின் பிழைப்பைக் கெடுக்கின்றன என்று சரியாக நிரூபித்திருந்தால் முடிவு வேறாக இருக்கலாம் என்று கதவைத் திறந்தே விட்டார். மொத்தத்தில் இரண்டு பக்கமும் வெல்லவில்லை. இப்படி ஊசலாடும் ஒன்றை நம்பி இந்த வருட வருமானத்தைத் திட்டமிட முடியாது.

போடாமல் விடுவது

கேட்க எளிது. மே தொடங்கி செப்டெம்பர் வரை நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் வருகிற வெள்ளைக்காரர் யாரிடம் போட்டோ எடுப்பது, யாரிடம் ஓவியம் வாங்குவது என்று இன்ஸ்டகிராமில்தான் தேடுகிறார். அங்கே இல்லாத கலைஞர் அவருக்கு இல்லாத கலைஞர்தான். முழுதாக மறைவது வேலையை விடுவதற்குச் சமம்.

அப்போ சின்னதாக்கி, மேலே பெயர் அடித்துப் போடலாமே? தாராளமாகப் போடலாம். ஆனால் எதற்காக என்று தெரிந்து போட வேண்டும். ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற படமாதிரி பழகியதே 512 புள்ளி அகலமும் 512 புள்ளி உயரமும் கொண்ட படங்களில். நீங்கள் ஃபோன் திரைக்கு ஏற்றபடி சிறிதாக்கிய படம் அதற்குத் தேவைக்கு அதிகம். பெயர் அடிப்பதும் அப்படியே: கெட்டியின் நீர்க்குறியை இயந்திரம் அப்படியே பழகிக்கொண்டு, தான் உருவாக்கிய படங்களிலும் அதைக் கோணல்மாணலாகப் போட்டுக் காட்டியது, அதுவே வழக்கில் சாட்சியாகவும் ஆனது. சிறிய கோப்பும் நீர்க்குறியும் தடுப்பது வேறு ஆளை: உங்கள் படத்தைக் கேட்காமல் பெரிதாக அச்சடித்து மாட்டும் ஹோட்டல்காரரை. அதற்காகச் செய்யுங்கள், ஏஐக்காக அல்ல.

"எடுக்காதே" என்ற அறிவித்தல்

சொந்த இணையத்தளம் உள்ளவர்கள் ரோபோட்ஸ் டெக்ஸ்ட் (robots.txt) என்ற சிறிய கோப்பில் சில வரிகள் சேர்த்தால், ஓபன்ஏஐயின் ஜிபிடிபொட், இணையப் பக்கங்களைத் திரட்டி வைக்கும் கொமன் குரோலின் சிசிபொட் போன்று தளம் தளமாகப் போய் எடுக்கும் தானியங்கிகளை வராதே என்று சொல்லலாம். கூகிள்-எக்ஸ்டென்டட் என்ற பெயரைத் தடுத்தால் கூகிள் தேடலில் வருவது பாதிக்கப்படாது, பயிற்சிக்கு மட்டும் மறுப்பு. கால் மணி நேர வேலை, செலவு இல்லை. தளங்களுக்குப் பாதுகாப்புத் தரும் கிளவுட்ஃபிளேர் என்ற சேவை வழியாகத் தளம் நடத்துபவர்களுக்கு, 2025 ஜூலைக்குப் பிறகு சேர்ந்த புதிய தளங்களில் இந்தத் தடுப்பு தானாகவே வந்துவிடுகிறது.

இதைக் கேட்டு நடப்பது அந்தக் கம்பனியின் நல்ல மனசு. நாய் இல்லாத வீட்டுக் கேட்டில் "நாய் கவனம்" என்று பலகை மாட்டுவது போல. மரியாதை உள்ளவன் தள்ளிப் போவான். ஐரோப்பாவில் மட்டும் பலகைக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது: அங்கே 2019 ஆம் ஆண்டு வந்த பதிப்புரிமைப் பணிப்புரையின்படி, இயந்திரம் வாசிக்கக்கூடிய விதத்தில் மறுத்திருந்தால் வணிக நோக்கில் எடுக்கக் கூடாது. 2025 ஓகஸ்ட் முதல் பெரிய மாதிரிகளை வெளியிடுவோர் பயிற்சிக்கு எதையெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று ஒரு சுருக்கமும் வெளியிட வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே தளம் உள்ளவர்கள் இதைச் செய்து வைக்கலாம்.

ஆனால் இங்கே எத்தனை பேருக்குச் சொந்தத் தளம் இருக்கிறது? பெரும்பாலும் முகநூல் பக்கம்தான். அங்கே ரோபோட்ஸ் டெக்ஸ்ட் உங்கள் கையில் இல்லை. வயது வந்தோரின் பொதுப் பதிவுகளையும் படங்களையும் பயிற்சிக்குப் பயன்படுத்துவதாக மெட்டாவே சொல்லியிருக்கிறது. மறுப்புத் தெரிவிக்கும் படிவத்தை ஐரோப்பியருக்கும் பிரித்தானியருக்கும் கொடுத்திருக்கிறது. அங்கே கேட்கச் சட்டம் இருக்கிறது, அதனால். "எனது படங்களை மெட்டா பயன்படுத்த நான் அனுமதிக்கவில்லை" என்று சுவரில் ஒட்டிப் பகிரும் அந்த நீளமான பதிவுக்கு ஒரு சதப் பெறுமதியும் இல்லை. தயவுசெய்து அதை எனக்கு அனுப்பாதீர்கள்.

படத்துக்கு மருந்து

சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 இல் கிளேஸ் என்ற இலவச மென்பொருளையும், 2024 இல் நைட்ஷேட் என்ற இன்னொன்றையும் வெளியிட்டார்கள். கிளேஸ் செய்வது தற்காப்பு: மனிதக் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாதபடி படத்தின் புள்ளிகளை மாற்றி, கரிக்கோட்டு ஓவியத்தை இயந்திரம் வேறு பாணி என்று எண்ணும்படி செய்யும். நைட்ஷேட் ஒரு படி மேலே போய்த் தாக்கும். அவர்களே சொல்லும் உதாரணத்தில், புல்வெளியில் நிற்கும் மாட்டை இயந்திரம் தோல் கைப்பையாகப் பார்க்கும். அப்படிப் பழகிய மாதிரியிடம் மாடு கேட்டால் பை வரும்.

சும்மா சொல்லக் கூடாது, எண்ணம் அழகானது. ஆனால் மூன்று தடைகள். நல்ல கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் ஒரு படத்துக்கே நெடு நேரம் எடுக்கும். அடுத்தது, சீரான நிறப் பரப்புகளில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இங்கே வரைகிறவர்கள் எதை வரைகிறார்கள்? டச்சுக் குடாவின் நீலம், மேகமில்லாத வானம், கோவில் பதாகைகளின் தட்டையான மஞ்சளும் சிவப்பும். அவற்றின் மேல்தான் புழுக்கள் ஊர்ந்ததுபோலத் தடம் விழும். நுணுக்கமான கோடுகள் நிறைந்த வேலையில் அவ்வளவாகத் தெரியாது. மூன்றாவது, 2025 இல் லைட்ஷெட் என்ற ஆய்வு, இந்த மருந்தைக் கண்டுபிடித்துக் கழற்ற முடியும் என்று காட்டியது. கிளேஸ் உருவாக்கியவர்களும் இது நிரந்தரத் தீர்வு என்று ஒருநாளும் சொன்னதில்லை.

யாருக்குப் பொருந்தும்? படத்தைப் பார்த்த உடனே "இது இன்னாருடையது" என்று சொல்லுமளவுக்குத் தனிப் பாணி உள்ளவருக்கு. பாணிக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை. யார் வேண்டுமானாலும் உங்கள் பாணியில் வரையலாம். சட்டம் கைவிட்ட இடத்தில் மென்பொருளைப் பிடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. கல்யாண போட்டோ எடுப்பவருக்கு இது வீண் மின்சாரம்.

அமெரிக்கப் பதிவு

இதை முதலில் கேட்டபோது சிரிப்பு வந்தது. கணக்குப் பார்த்த பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை.

அந்த்ரோபிக் வழக்கு கடைசியில் 150 கோடி டொலருக்குச் சமரசமானது. 2025 செப்டெம்பரில் நீதிமன்றம் முதற்கட்ட ஒப்புதல் வழங்கியது. ஏறத்தாழ 5 இலட்சம் புத்தகங்கள், ஒன்றுக்குச் சுமார் 3000 டொலர். அந்தப் பட்டியலில் இடம்பெற என்ன நிபந்தனை? களவுத் தளத்திலிருந்து இறக்கிய கோப்புகளில் புத்தகம் இருந்திருந்தால் மட்டும் போதாது. வெளிவந்து ஐந்து ஆண்டுகளுக்குள், அதுவும் கம்பனி இறக்குவதற்கு முன்போ வெளிவந்து மூன்று மாதத்துக்குள்ளோ, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதியாத புத்தகம் அதே களவில் போயிருந்தாலும் அந்தக் காசில் பங்கில்லை.

பின்னணி இதுதான். வெளிநாட்டுப் படைப்புக்கு அமெரிக்காவில் வழக்குப் போடப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் சட்டம் தானாக நிர்ணயிக்கும் நட்டஈடு, அதாவது ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டொலர் வரை, வேண்டுமென்றே மீறியிருந்தால் 150,000 வரை, கேட்க வேண்டுமானால் மீறலுக்கு முன்போ வெளிவந்து மூன்று மாதத்துக்குள்ளோ பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உண்மையில் எவ்வளவு நட்டம் என்று நிரூபிக்க வேண்டும். மூதூர்க் கடற்கரைப் படம் ஒன்று பயிற்சிக்குப் போனதால் எனக்கு எத்தனை ரூபா நட்டம்? யாராலும் சொல்ல முடியாது.

செலவைப் பாருங்கள். புகைப்படக்காரர் ஒரே ஆண்டில் வெளியிட்ட தன் படங்களில் 750 வரை ஒரே விண்ணப்பத்தில் 55 டொலருக்குப் பதியலாம். டொலர் 300 ரூபாவைச் சுற்றி நிற்கும் கணக்கில் 16,500 ரூபா. படம் ஒன்றுக்கு 22 ரூபா. ஓவியர், இன்னும் வெளியிடாத பத்து ஓவியங்களைச் சேர்த்து 85 டொலருக்குப் பதியலாம், ஓவியம் ஒன்றுக்கு 2,550 ரூபா. வெளியிட்டபின் தனித்தனியாகப் போனால் ஒவ்வொன்றுக்கும் 45 அல்லது 65 டொலர், அது கட்டுப்படியாகாது. ஆகவே ஓவியர்கள் முகநூலில் போடுவதற்கு முன் பதிவதே சிக்கனமான வழி. விண்ணப்பம் இணையத்தில், ஆங்கிலத்தில், கடன் அட்டை வேண்டும்.

இதை இன்சூரன்ஸ் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். புத்தகச் சமரசம் புத்தகங்களுக்கானது. ஓவியர்கள் ஸ்டெபிலிட்டி, மிட்ஜேர்னி முதலிய கம்பனிகள் மீது 2023 ஜனவரியில் போட்ட வழக்கு வேறு பாதையில் போகிறது. 2024 ஓகஸ்டில் நீதிபதி முக்கியமான பதிப்புரிமைக் குற்றச்சாட்டுகளைத் தொடர அனுமதித்தார். ஒருநாள் அங்கேயும் பட்டியல் போட்டுக் காசு பிரித்தால், பதிந்தவர் வரிசையில் நிற்பார். அவ்வளவுதான். வருடத்துக்கு ஒரு தடவை 16,500 ரூபா ஒதுக்கக்கூடிய புகைப்படக்காரருக்கு நியாயமான சூதாட்டம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஸ்டொக் தளங்கள்

சுருக்கமாக. அடோபி ஸ்டொக்கில் போட்டால் அந்தப் படங்கள் படம் உருவாக்கும் அவர்களுடைய ஃபயர்ஃபிளை என்ற ஏஐ மாதிரிக்குப் பயிற்சியாகும், அதற்கு ஒரு ஊக்கத்தொகை தருகிறார்கள். ஷட்டர்ஸ்டொக் தன் களஞ்சியத்தை ஓபன்ஏஐ போன்றவற்றுக்கு உரிமம் கொடுத்துப் பங்கு பிரிக்கிறது, விருப்பமில்லாதவர் விலகலாம். களவாக எடுப்பதைவிடக் கேட்டு எடுப்பது மேல். ஆனால் ஆயிரக்கணக்கில் படம் குவித்தவருக்குத்தான் கணிசமான தொகை சேரும். பேபாலில் பணம் பெறுவது இலங்கையில் நீண்ட காலத் தலைவலி என்பதால் பயோனியர் என்ற இன்னொரு பணச் சேவையில் கணக்கும் திறக்க வேண்டும். என் பங்குக்கு, இதைத் தனி வழியாக எண்ண மாட்டேன்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

இப்போது விடயத்துக்கு வருவோம். மேலே சொன்ன எல்லாமே, நீங்கள் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒரு கம்பனியோடு சண்டை. ஆனால் உங்கள் வேலையை நேரில் வந்து வாங்குகிறவர் இருக்கிறாரே: விடுதி உரிமையாளர், விளம்பர நிறுவனம், ஆவணப்படம் எடுக்கிறவர், ஆய்வுக்காகப் பாட்டைப் பதிவு செய்ய வருகிறவர், குரல் மாதிரி வேண்டும் என்று ஒரு மணித்தியாலத்துக்குக் காசு தருகிறவர். அவருக்கு உங்கள் கையெழுத்து தேவை. நீங்கள் "இல்லை" என்றால் அவருடைய வேலை நிற்கும். இந்த விவகாரம் முழுவதிலும் உங்களுக்குப் பிடி கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

அந்தப் பிடி நினைப்பதைவிடப் பெரியது. லயன்-5பி என்ற பயிற்சித் தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைப்புகளும் விவரணங்களும் இருந்தன. அத்தனைக்குப் பிறகும் எங்கள் கடலோரக் குன்றில் இருக்கும் திருக்கோணேஸ்வரக் கோவிலை வரைந்து தா என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது வந்தது தமிழ்நாட்டுப் பாணியில் பதினொரு நிலை இராசகோபுரம், கீழே ஏதோ ஒரு கடல். குன்றின் விளிம்பு மரத்தில் பிள்ளை வரம் வேண்டிக் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் இல்லை. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவு இல்லை. கோட்டை வாசலில் நிற்கும் மானுக்குப் பதிலாகக் கிறிஸ்மஸ் அட்டையில் வருகிற கலைமான் ஒன்று நின்றது. பேச்சுக்கும் அப்படியே: திருகோணமலை வழக்கில் ஒரு வரி பேசச் சொன்னால் சென்னை வானொலி வருகிறது. அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது, அதாவது கமராவிலிருந்து வந்தபடியே எடிட் செய்யாமல் இருக்கும் ரோ கோப்புகள், தனித்தனித் தடங்களாகப் பதிந்த மத்தளமும் தாளமும், முழு இரவுக் கூத்தின் பதிவு, வட்டார உச்சரிப்பு. இதெல்லாம் இன்னும் இணையத்துக்குப் போகவில்லை. போவதற்கு முன் விலை பேசலாம்.

எங்கள் சட்டத்தில் இதற்கு வாய்ப்பான ஏற்பாடு ஒன்று உண்டு. பொருளாதார உரிமையைக் கைமாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு தரப்பும் கையொப்பமிட்டு நடக்க வேண்டும். வெளிப்படையாகக் குறிப்பிடாத உரிமை கைமாறியதாகக் கொள்ளப்படாது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவரின் படைப்பு வேறு கதை, அங்கே மாறாக எழுதாவிட்டால் முதலாளிக்குப் போய்விடும். ஆனால் ஓடருக்கு வேலை செய்யும் சுயதொழிலாளிக்கு, எழுதாதது எல்லாம் தன்னிடமே.

அதனால்தான் மற்றத் தரப்பு எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கும். உப்புவெளியில் ஒரு விடுதிக்குப் படம் எடுக்கப்போன தம்பி ஒருவர் ஒப்பந்தத்தைக் கொண்டு வந்து காட்டினார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம், எறும்பு எழுத்து. ஏழாவது பந்தியில் இருந்ததன் சாரம்: இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், என்றென்றைக்கும், மூன்றாம் தரப்புக்கு மாற்றிக் கொடுக்கும் உரிமையோடும், பெயர் குறிப்பிடாமலும் பயன்படுத்தலாம். ரோ கோப்புகளும் கொடுக்க வேண்டும். விடுதிக்காரர் இதை யோசித்து எழுதியிருக்க மாட்டார்; எங்கோ இணையத்தில் இறக்கிய மாதிரிப் படிவம். அந்தப் பந்தியைப் பேனாவால் வெட்டி, கீழே தமிழில் எழுதினோம்:

"இப்படங்களை விடுதியின் இணையத்தளம், முன்பதிவுத் தளங்கள், சமூக ஊடகங்கள், அச்சு விளம்பரங்கள் ஆகியவற்றில் ஐந்து ஆண்டுகளுக்குப் பயன்படுத்த மட்டுமே அனுமதி. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்கவோ, அதற்கான தரவுத்தொகுப்பில் சேர்க்கவோ, அந்நோக்கில் வேறெவருக்கும் கொடுக்கவோ இந்த அனுமதி செல்லாது. அதற்குத் தனி எழுத்து உடன்பாடும் தனிக் கட்டணமும் வேண்டும். மூலக் கோப்புகள் ஒப்படைக்கப்படா."

விடுதிக்காரர் வாசித்துப் பார்த்துச் சரி என்றார். அவருக்கு வேண்டியது முன்பதிவுத் தளத்தில் போட நல்ல படம். வெட்டிய இடத்தில் இருவரும் சுருக்கொப்பம் வைத்தார்கள், முடிந்தது. எல்லோரும் இப்படி இணங்க மாட்டார்கள். கொழும்பு விளம்பர நிறுவனங்கள் "எங்கள் படிவத்தை மாற்ற முடியாது" என்று சொல்வது வழக்கம். அப்போதும் ரோ கோப்பைக் கொடுக்காமல் இருப்பது பற்றித் தனியாகப் பேசிப் பாருங்கள், அதில் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். அதற்கும் வராதவரிடம் கட்டணத்தைக் கூட்டிக் கேளுங்கள். சும்மா கொடுக்காதீர்கள்.

குரல் கொடுப்பவர்களும் கூத்துக் கலைஞர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படம் ஒன்று போனால் அடுத்த படம் எடுக்கலாம். குரல் ஒன்றுதான். "குரல் மாதிரிச் சேகரிப்பு" என்று வரும் படிவத்தில் செயற்கைக் குரல் உருவாக்கலாம் என்று ஒரு சொல் இருந்தாலே, ஒரு மணித்தியாலக் கூலியை வாங்கிக்கொண்டு ஆயுள் முழுவதுக்குமான வேலையைக் கொடுக்கிறீர்கள். மேலே உள்ள வாசகத்தோடு "எனது குரலையோ உருவத்தையோ செயற்கையாக உருவாக்க அனுமதி இல்லை" என்ற வரியையும் சேர்க்க வேண்டும். சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு, யாருக்கும் தனியுரிமை இல்லை. ஆனால் அதை நீங்கள் பாடிய பாட்டில் ஆற்றுகைக் கலைஞராக உங்களுக்கு உரிமை உண்டு. "பாட்டு பழசுதானே" என்று சொல்லி ஒலிவாங்கியை நீட்டுபவரிடம் இதைச் சொல்லலாம்.

சேர்ந்து கேட்பது

மியூனிக்கில் வென்றது சங்கம் என்று சொன்னேன். எங்கள் கூத்துக்கும் நாட்டார் பாடலுக்கும் சங்கம் இன்னும் அவசியம், ஏனெனில் அவற்றுக்குத் தனி ஆசிரியர் இல்லை. தம்பலகாமத்துக் கூத்தை யார் எழுதினார், கிண்ணியாவின் கவிகளை யார் கட்டினார் என்று எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? இதற்காகவே சட்டத்தின் 24 ஆம் பிரிவு இருக்கிறது. நாட்டார் கலை வெளிப்பாடுகளை வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்கு வெளியேயோ பயன்படுத்த, அமைச்சர் நியமிக்கும் தகுதிவாய்ந்த அதிகாரியின் அனுமதியும் கட்டணமும் வேண்டும். அந்தக் காசு பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவிடப்பட வேண்டும். 2003 இல் எழுதியவர்கள் ஏஐயை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு கம்பனி கூத்துப் பதிவுகளைத் திரட்டி ஏஐ மாதிரி செய்து விற்றால், அதை வணிக நோக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இதைத் தனியாள் கேட்டால் கோப்பு மேசையிலேயே தூங்கும். கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் இதே ஊரில் இருக்கிறது. மூதூர், சம்பூர், கிண்ணியா, தம்பலகாமம் ஆகிய இடங்களின் கலைக் கழகங்கள், தமிழ், முஸ்லிம், சிங்களக் கலைஞர்கள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கேட்கலாம்: மாகாணம் எடுக்கும் விழாப் பதிவுகளைப் பயிற்சிக்குக் கொடுப்பதில்லை என்று எழுதித் தாருங்கள், எல்லோரும் பயன்படுத்தத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு மாதிரி ஒப்பந்தம் வெளியிடுங்கள். பலன் மெதுவாகத்தான் வரும். அடுத்த மாத வாடகைக்கு இது உதவாது. ஆனால் செலவு என்று பார்த்தால் சில கூட்டங்களும் தேநீரும்தான்.

அப்போ யார் எதைச் செய்வது?

புகைப்படக்காரர்: ஒப்பந்த வரி முதலில், ரோ கோப்பைக் கொடுக்காமை அடுத்து, கையில் காசு இருந்தால் வருடாந்த அமெரிக்கப் பதிவு. தளம் இருந்தால் ரோபோட்ஸ் டெக்ஸ்டையும் போட்டுவிடுங்கள். ஓவியர்: தனிப் பாணி உள்ளவராயின் கிளேஸ், மிகச் சிறந்த பத்து ஓவியங்கள் சேரும்போது, வெளியிடுமுன் பதிவு. மற்றபடி படம் விற்கும்போது பற்றுச்சீட்டில் "ஓவியம் மட்டுமே விற்கப்படுகிறது, பதிப்புரிமை ஓவியருக்கே" என்று எழுதினால் போதும். என்னைப் போன்ற வடிவமைப்பாளர்கள்: எங்கள் வேலை பெரும்பாலும் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருவது, ஒரு பதாகைக்காக அதிகம் மினக்கெட வேண்டாம், ஆனால் சொந்தமாகத் தமிழ் எழுத்துரு செய்கிறவர்கள் உரிமத்தில் அந்த வரியைச் சேர்க்க வேண்டும். குரல், கூத்து, இசைக் கலைஞர்: வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஒப்பந்தமும் சங்கமும்தான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் தாளை எடுத்து வாசித்துப் பாருங்கள். "எல்லா ஊடகங்களிலும்" போன்ற பரந்த சொற்கள் இல்லாவிட்டால், குறிப்பிடாத உரிமை இன்னும் உங்களிடம்தான். பயிற்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமில்லை என்று மற்றத் தரப்புக்கு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் போட்டு, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பரந்த சொற்கள் இருந்தால், அடுத்த வேலைக்கு அவர் திரும்ப வரும்போது புதிய தாளோடு இருங்கள். ஒப்பந்தமே இல்லாமல் வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வேலைகளுக்கு, அந்த உரையாடலைத் தரவிறக்கி எங்காவது சேமித்து வையுங்கள்; ஃபோன் மாற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.